பிள்ளைகளின் படிப்புப் பணம்: முதலில் காவல், பிறகு வட்டி

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் திருப்பதி, பாகாலா, சித்தூர், காட்பாடி மார்க்கத்து ரயில்களில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். புதுப் பெட்டியும் படுக்கையுமாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில் ஒரு பையை மார்போடு அணைத்தபடி தகப்பனார் இருப்பார். அப்பைக்குள் சான்றிதழ்களும், கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கான பத்திரங்களும் இருக்கும். சிலர் 1954-இல் தோன்றிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக் கழகத்துக்குச் செல்வார்கள். வேறு சிலர் எல்லையைத் தாண்டி வேலூருக்கோ சென்னைக்கோ செல்வார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை பிழைப்பை நாடி இங்கு வந்தவை. சொந்த ஊரில் நிலம் இல்லை. வந்த ஊரில் வீடு இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் படிப்பு ஒன்றே நாம் சேர்க்கும் சொத்து. அந்தப் படிப்புக்கென்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்தைப் பற்றி நம்மவர்கள் கூடிப் பேசும்போது முதலில் எழும் கேள்வி, "எங்கே வட்டி அதிகம்?" என்பதுதான். அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பணத்துக்குக் காவல் யார்?" என்பதே அது. அதைக் கேளாமல் விட்டதன் பலனை அனுபவித்தவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என் தகப்பனார் அரக்கோணம் பக்கத்திலிருந்து பாகாலாவுக்கு வந்து ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். என்னைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கட்டி வந்தார். பாங்கில் கொடுப்பதைவிட இரு மடங்கு வட்டி தருவதாக அவர்கள் சொன்னார்கள். சில ஆண்டுகள் தரவும் செய்தார்கள். தொகை 60,000 ரூபாய் ஆயிற்று. 2005-இல் நான் பத்தாம் வகுப்புத் தேறிய அதே கோடையில் அந்நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. அத்துடன் என் படிப்பும் நின்றது. அந்த ரசீதுகள் இன்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் லட்சுமி படம் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லும் ஒரு வரி மட்டும் எதிலும் இல்லை.

பிற்காலத்தில் நான் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அதே 60,000 ரூபாய் இன்ஷூரன்ஸ் பெற்ற ஒரு பாங்கில் இருந்திருந்தால், அப்பாங்கே மூழ்கியிருந்தாலும் அன்றைய சட்டப்படி 1,00,000 ரூபாய் வரையில் பணம் திரும்பக் கிடைத்திருக்கும். அதாவது முழுத் தொகையும் கிடைத்திருக்கும். தகப்பனாரிடம் இதை எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை.

இந்தக் காவல் நம் நாட்டில் எளிதில் வந்ததன்று. சித்தூர் அந்நாளில் சென்னை மாகாணத்து வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியபோது, மாகாணமெங்கும் குடும்பங்கள் பரிதவித்தன. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் பணம் போட்டவர்களின் துயரம் தீர்ந்துவிடவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததே 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் தோன்றிய இந்தியன் பாங்கு. ஆயினும், பாங்கு மூழ்கினால் டிபாசிட்காரனுக்கு ஈடு செய்யும் ஏற்பாடு அதன் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏற்படவில்லை.

1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கு வீழ்ந்தது. அந்த வீழ்ச்சி சர்க்காரின் கண்ணைத் திறந்தது. 1961-இல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் சட்டம் நிறைவேறியது. 1962 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஒருவருக்கு ஒரு பாங்கில் 1,500 ரூபாய் வரை காப்பு என்பது தொடக்க கால வரம்பு. அது 1968-இல் 5,000, 1970-இல் 10,000, 1976-இல் 20,000, 1980-இல் 30,000 என்று ஏறி, 1993-இல் 1,00,000 ஆயிற்று. அதன் பின் இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்று, 2020 பிப்ரவரி 4 முதல் 5,00,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இதற்கான பிரிமியத்தைப் பாங்கே கட்ட வேண்டும். நம்மிடம் ஒரு காசும் கேட்கக் கூடாது. வர்த்தக பாங்குகளேயன்றி, 1968-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கூட்டுறவு பாங்குகளும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தன. கிராமங்களில் உள்ள ஆரம்பக் கூட்டுறவுச் சங்கங்களோ இதில் சேரவில்லை. பெயரில் "கூட்டுறவு" என்று இருந்தால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது.

இனி, கணக்குப் பார்க்கும் முறையைக் கவனிப்போம். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஒருவர் ஒரே பாங்கின் சித்தூர்க் கிளையில் 4,00,000 ரூபாய் வைப்பு வைத்திருக்கிறார். திருப்பதிக் கிளையில் சேமிப்புக் கணக்கில் 1,50,000 ரூபாய் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இரண்டு கிளை என்பதால் இரண்டு காப்பு என்று அவர் நினைக்கலாம். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. ஒரே பாங்கின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் ஒரே தகுதியில் வைத்திருக்கும் பணம் முழுவதும் வட்டியுடன் சேர்த்துக் கூட்டப்படும். ஆகவே 5,50,000 ரூபாயில் 5,00,000-க்கு மட்டுமே காப்பு. மீதி 50,000 வெளியே நிற்கும். அசலே 5,00,000 ஆக இருந்தால், அதன்மேல் ஏறிய வட்டிக்குக் காப்பு இல்லை என்பதையும் மறக்கலாகாது.

அதே மனிதர் தம் மைனர் மகளுக்குக் கார்டியனாக நின்று, அவள் பெயரில் அதே பாங்கில் 3,00,000 ரூபாய் வைத்தால், அது வேறு தகுதியில் வைத்த பணம். அதற்குத் தனியே 5,00,000 வரை காப்பு உண்டு. கணவனும் மனைவியும் கூட்டாக வைக்கும் கணக்கும் அவ்வாறே தனியாகக் கருதப்படும். வேறொரு பாங்கில் வைத்தால் அங்கும் தனிக் காப்பு உண்டு. ஆகவே படிப்புப் பணத்தைப் பிள்ளையின் பெயரில் வைப்பது அன்பின் அடையாளம் மட்டுமன்று. காப்பு முறைக்கும் பொருத்தமானது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்த மைனரின் வட்டி வருமான வரிக் கணக்கில் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மேலும், நமக்கு அதே பாங்கில் கடன் பாக்கி இருந்தால், காப்புத் தொகை கணக்கிடப்படும்போது அது கழிக்கப்படக் கூடும்.

தொகைக்குக் காவல் இருந்தால் மட்டும் போதாது. காலத்துக்கும் காவல் வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு. அது தவறினால் இடம் பறிபோகும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு பாங்கின் மீது ரிசர்வ் பாங்கு தடை விதித்தபோது, கணக்குக்காரர்கள் எடுக்கக்கூடிய தொகை முதலில் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வரம்பு பின்னர் படிப்படியாக உயர்ந்ததாயினும், 2022 ஜனவரியில் அப்பாங்கு யூனிட்டி சிறு நிதி பாங்கோடு இணைக்கப்படும் வரையில் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பணம் பல ஆண்டுத் தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து வரும் பணத்தை வைத்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

இந்த அனுபவத்துக்குப் பின் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. ரிசர்வ் பாங்கு ஒரு பாங்கின் மீது இத்தகைய தடை விதித்தால், 45 நாளில் அப்பாங்கு டிபாசிட்காரர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அடுத்த 45 நாளில் கார்ப்பரேஷன் அதைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க வேண்டும். ஆக 90 நாள். வேறு பாங்கோடு இணைக்கும் ஏற்பாடு நடந்தால் மேலும் 90 நாள் வரை தள்ளிவைக்கவும் இடம் உண்டு. முன்னைக் காட்டிலும் இது பெரிய முன்னேற்றமே. எனினும், 90 நாள் என்பது ஜூனில் தொடங்கினால் ஆகஸ்டு முடிவு அல்லவா?

இவ்விடத்தில் நம் ஊருக்கு அருகே நிகழ்ந்த ஒரு செய்தியை நினைவுகூர்தல் நலம். 2020 மார்ச் 5-ஆம் தேதி யெஸ் பாங்கின் மீது தடை விதிக்கப்பட்டு, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அப்பாங்கில் வைத்திருந்த சுமார் 1,300 கோடி ரூபாயைச் சில மாதங்களுக்கு முன்னரே திரும்பப் பெற்றுக்கொண்டது என்ற செய்தி அப்பொழுது பத்திரிகைகளில் வெளியாயிற்று. பூரி ஜகந்நாதர் கோயிலின் சுமார் 545 கோடி ரூபாயோ அச்சமயம் அங்கே அகப்பட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கியதால் டிபாசிட்காரர்களுக்கு நஷ்டம் நேரவில்லை. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கோயில் உண்டியல் பணமாயினும் கூலியாளின் பணமாயினும் ஒரு பாங்கில் ஒரு தகுதிக்கு இன்ஷூரன்ஸ் வரம்பு 5,00,000 ரூபாய்தான். கோடிகளை வைத்திருக்கும் தேவஸ்தானமே எங்கே வைப்பது என்று விசாரித்து மாற்றும்போது, நாம் விசாரிப்பதில் வெட்கம் என்ன?

அதே தடை உத்தரவில் இன்னொரு விஷயமும் இருந்தது. மருத்துவச் செலவு, கல்யாணச் செலவு முதலியவற்றோடு, டிபாசிட்காரரோ அவரைச் சார்ந்தவரோ உயர்கல்வி பெறுவதற்கான செலவுக்கும் 5,00,000 ரூபாய் வரை அனுமதி பெற்று எடுக்கலாம் என்று அதில் விதிவிலக்கு அளித்திருந்தார்கள். படிப்புப் பணம் காத்திருக்க முடியாத பணம் என்பதைச் சர்க்கார் அங்கே ஒப்புக்கொண்டது. அது ஒரு பாங்குக்கான சலுகையாக நில்லாமல், எந்தப் பாங்கின் மீது தடை வந்தாலும் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஷரத்தாக வேண்டும் என்பதே அடியேனின் விண்ணப்பம். நம் சங்கம் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி உரிய இடத்துக்கு அனுப்பினால் நல்ல தொண்டாகும்.

அமெரிக்காவில் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்குள்ள கல்லூரிச் சேமிப்புத் திட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 529-ஆம் பிரிவின்கீழ் 1996-இல் இவை முறைப்படுத்தப்பட்டன. சில மாநிலங்களில் இப்பணத்தைப் பங்குச் சந்தையில் இடாமல் பாங்கு டிபாசிட்டாகவே வைக்கவும் வசதி உண்டு. அங்கும், படிப்புக்கென்று வைத்ததால் இன்ஷூரன்ஸ் கூடிவிடுவதில்லை. கணக்குக்கு உரியவர் அதே பாங்கில் தம் பெயரில் வைத்திருக்கும் ஏனைய பணத்தோடு கூட்டி, 2,50,000 டாலர் வரையில்தான் காப்பு. எந்தத் தேசமாயினும் திட்டத்தின் பெயரைக் கேட்டால் போதாது. பணம் யார் கையில், எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் கல்லூரிப் படிப்புக்கென்று ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான இத்தகைய தனிக்கணக்கு இல்லை. பெண் குழந்தைகளுக்கு மட்டும் 2015-இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய்; மிகுந்தால் 1,50,000 ரூபாய். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து இருபத்தொரு ஆண்டில் முதிரும். மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தாலோ அவள் பத்தாம் வகுப்புத் தேறினாலோ, முந்திய ஆண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை மேற்படிப்புக்காக எடுக்கலாம். இதற்கு மத்திய சர்க்காரே பொறுப்பு. ஆண் பிள்ளைகளுக்குத் தபால் ஆபீஸ் தொடர் வைப்பும், பொதுச் சேமநிதிக் கணக்கும் உண்டு. அவற்றுக்கும் சர்க்காரே பொறுப்பு. ஆகையால் அங்கே 5,00,000 வரம்பு என்ற கவலை இல்லை.

இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்பவை எவை? தனியார் நிதி நிறுவனங்களில் போடும் டிபாசிட்டுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. ரிசர்வ் பாங்கின் அனுமதி பெற்ற நிறுவனமாயினும் கிடையாது. நகைக் கடையில் மாதந்தோறும் கட்டும் சேமிப்புக்கும் கிடையாது. சீட்டுக்கும் கிடையாது. சீட்டு என்பது நம்மவர் வாழ்வில் ஊறிய பழக்கம். அதை இகழ்வது என் நோக்கமன்று. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் காட்டி நடத்தும் சீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நான்கு பேர் வாய்ச்சொல்லில் நடத்தும் சீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில், பல ஆண்டுப் படிப்புப் பணத்தை அதில் இடுவது ஆபத்தான காரியம்.

ஆந்திரத்தில் விஜயவாடாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அக்ரிகோல்டு நிறுவனத்தின் கதை எல்லார்க்கும் பாடமாக இருக்க வேண்டும். மனையோ பணமோ தருவதாகச் சொல்லி, சுமார் 32 இலட்சம் பேரிடம் சுமார் 6,380 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்று அமலாக்கத் துறை கணக்குக் காட்டியது. அதில் சிறு தொகை போட்டவர்களுக்கு மாநில சர்க்கார் 2019-இலும் 2021-இலும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. நெறிப்படுத்தப்படாத டிபாசிட் திட்டங்களைத் தடை செய்து, மீறுவோரைச் சிறைக்கு அனுப்பும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. சட்டம் தண்டிக்கும், ஆனால் கடந்துபோன கல்லூரி ஆண்டை அது திருப்பித் தராது.

ஆகையால், ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொள்வது நலம்.

முதலாவது, பணம் கட்டுவதற்கு முன், அந்த ஸ்தாபனம் டிபாசிட் இன்ஷூரன்ஸ் பெற்ற பாங்குதானா என்று கேட்க வேண்டும். கார்ப்பரேஷனின் இணையதளத்தில் பாங்குகளின் பட்டியல் இருக்கிறது. பாங்கு அல்லாத நிறுவனமாயின், டிபாசிட் வாங்க அதற்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் பாங்கின் சச்சேத் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். இவற்றைப் பார்க்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம், அவர்களுடைய பணம்தானே!

இரண்டாவது, ஒரே பாங்கில் ஒரே பெயரில் உள்ள தொகையை ஆண்டுக்கு ஒருமுறை வட்டியுடன் கூட்டிப் பார்க்க வேண்டும். 5,00,000-ஐ நெருங்கினால், மேற்கொண்டு சேர்வதை வேறு பாங்கிலோ தபால் ஆபீஸிலோ இட வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வைக்காமல், முதலாண்டுக் கட்டணத்துக்கு ஆகும் தொகையையாவது வேறொரு பாங்கில் வைத்திருக்க வேண்டும். ஒன்றில் தடை வந்தாலும் பிள்ளையின் இடம் போகாது.

நான்காவது, மைனர் கணக்கு வைத்திருப்போர் பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். அன்றோடு கார்டியனின் அதிகாரம் முடிகிறது. பிள்ளை தன் அத்தாட்சிகளைக் கொடுத்து, தன் கையொப்பத்தைப் பதிய வேண்டும். கல்லூரி சேரும் பருவமும் பதினெட்டு நிறையும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், கட்டணம் கட்டும் வாரத்தில் பாங்குக்கு அலைய நேராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது, ரசீதுகளும் கணக்குப் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்பது தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும். வாரிசு நியமனமும் செய்திருக்க வேண்டும். வேலைக்காக ஊர் ஊராக மாறும் நம் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம்.

சென்ற மாதம் என் மகள் பெயரில் இருந்த வைப்பைப் புதுப்பித்தேன். அவள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ரசீதை வீட்டில் வைத்து அவளையே படிக்கச் சொன்னேன். தொகை, வட்டி, முதிர்வுத் தேதி, கார்டியன் பெயர் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். "இந்தப் பாங்கு மூடினால் என்ன ஆகும், அப்பா?" என்று கேட்டாள். அசலும் வட்டியும் சேர்ந்து வரம்புக்குள் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு அந்த ரசீதை, தாத்தாவின் லட்சுமி படம் போட்ட ரசீதுகள் இருக்கும் அதே டிரங்குப் பெட்டியில் அவளே வைத்தாள். அவள் கேட்ட அந்தக் கேள்வியை அன்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.